ஸ்கூடாயிலிருந்து மலாக்காவுக்கு: இருவர் செல்லும் கடலோரச் சாலை

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில், ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே அமைந்துள்ள ஸ்கூடாய், வெளியூர்ப் பயணிகள் பலருக்கு வடக்கு தெற்கு விரைவுச்சாலையின் கட்டணச் சாவடி ஒன்றின் பெயராகவும், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் இடமாகவும் மட்டுமே தெரிந்திருக்கிறது. சாலைவழிப் பயணத்தைத் திட்டமிடுவோர்க்கு இவ்வூர் அதனினும் பெரிய வசதியொன்றைத் தருகிறது. மேற்குக் கரையை ஒட்டிப் பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா, போர்ட் டிக்சன், கிள்ளான் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஈப்போ வரை செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை ஸ்கூடாயில்தான் தொடங்குகிறது. கூட்டரசுச் சாலை என்பது மத்திய அரசின் பொறுப்பில் உள்ள, கட்டணம் வாங்காத பொதுச் சாலையைக் குறிக்கும். விரைவுச்சாலையோ ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை 772 கிலோமீட்டர் நீண்டு, 1994 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்ட கட்டணச் சாலை.

ஸ்கூடாயிலிருந்து மலாக்காவுக்கு விரைவுச்சாலை வழியாகச் செல்பவர் ஏறத்தாழ 200 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். கடலோரச் சாலை அதைவிட நீளமானது. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே நான்கு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும், நின்று பார்த்துச் செல்பவருக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். ஆயினும் நண்பர்கள் இருவராகப் புறப்படும்போது போகும் வழிக்குக் கடலோரச் சாலையையும் திரும்பும் வழிக்கு விரைவுச்சாலையையும் தேர்ந்துகொள்வதே சிறந்தது என்பதை இவ்வத்தியாயம் வலியுறுத்துகிறது. விரைவுச்சாலையில் ஓட்டுநரின் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சுத்துணையாக இருப்பதைத் தவிர வேறு வேலை அதிகமில்லை. பழைய சாலையில் அவர் பாதி ஓட்டுநராகவே மாறுகிறார். தனியாகச் செல்பவருக்குக் களைப்பூட்டும் அந்தச் சாலை இருவருக்கு இனிய சாலையாக அமைவதற்கு இந்த வேலைப் பகிர்வே காரணம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

காரை இருவரும் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது காப்புறுதிப் பத்திரம். மலேசியாவில் தனியார் கார்களுக்கான காப்புறுதி பெரும்பாலும் பெயர் குறிப்பிடப்பட்ட ஓட்டுநர்களை வைத்தே எழுதப்படுகிறது. பத்திரத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்து, சொந்தக் காரின் சேதத்துக்கு இழப்பீடு கோரினால், முதல் 400 ரிங்கிட்டைக் கார் உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும். கட்டாயக் கழிவுத்தொகை எனப்படும் இத்தொகை, 'பி' உரிமம் வைத்திருக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் பொருந்தும். நண்பரின் பெயரைப் பத்திரத்தில் சேர்ப்பதோ, எல்லா ஓட்டுநர்களுக்கும் பொருந்தும் கூடுதல் காப்பை வாங்குவதோ அதிகச் செலவு பிடிக்காத காரியம். விபத்து நடந்த பிறகு இருவருக்குள் எழும் பணப் பேச்சு நட்பையே கெடுத்துவிடக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வாடகைக் காராக இருப்பின் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர் தம் நாட்டு உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருப்பது நல்லது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் வழக்கமே இங்கும் இருப்பதால் அவர்களுக்குப் பழகுவதில் சிரமம் இராது.

எரிபொருள் குறித்தும் ஒரு சொல். மானிய விலைப் பெட்ரோலான ரோன் 95 மலேசியக் குடிமக்களுக்கு உரியது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து அது மைகாட் என்னும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு சரிபார்த்த பிறகே அந்த விலையில் கிடைக்கிறது. வெளிநாட்டில் பதிவான வாகனங்களுக்கு ரோன் 95 நிரப்புவது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே சிங்கப்பூர்க் காரில் வரும் நண்பரோடு செல்பவர்கள் ரோன் 97 விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும். அந்தக் கார் வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி பெற்றிருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

திரும்பும் வழியில் தேவைப்படும் டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் ஏற்றிக்கொள்வது இன்னொன்று. விரைவுச்சாலைச் சாவடிகளில் ரொக்கம் வாங்கப்படுவதில்லை. நுழையும்போது பயன்படுத்திய அட்டையையே வெளியேறும்போதும் காட்ட வேண்டும். இருவரும் ஆளுக்கொரு அட்டை வைத்திருந்தால், எந்த அட்டையால் நுழைந்தோம் என்பதை மறந்து சாவடியில் தடுமாறுவது அடிக்கடி நடப்பதால், ஓர் அட்டையை மட்டும் கண்ணாடியருகே வைத்து மற்றதைப் பையில் போட்டுவிடுவதே முறை. செலவுக்கும் அவ்வாறே ஒரு பொதுப் பை வைத்து, புறப்படும்போது சமமாகப் பணம் போட்டு, எண்ணெய், உணவு, நுழைவுக்கட்டணம் மூன்றையும் அதிலிருந்தே கொடுப்பது கணக்கைச் சுலபமாக்கும்.

நாள் தேர்வில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. 2014 முதல் வெள்ளி, சனிக்கிழமைகளில் வார விடுமுறை கொண்டிருந்த ஜொகூர், 2025 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால், ஜொகூர்க் கூட்டமும் கோலாலம்பூர், சிங்கப்பூர்க் கூட்டங்களும் இப்போது ஒரே நாள்களில் மலாக்காவில் சேர்கின்றன. செவ்வாய்க்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை திரும்புவது இயலுமானால் அதற்கு இணை எதுவுமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக டிசம்பர் முதல் மார்ச் வரை, பத்து பகாட் வட்டாரத்தின் தாழ்நிலங்களில் வெள்ளம் தேங்கக்கூடும். 2006 டிசம்பர் முதல் 2007 ஜனவரி வரையிலும் 2023-இன் தொடக்கத்திலும் அப்பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அம்மாதங்களில் மழைச் செய்தியைப் பார்த்த பின்னரே கடலோர வழியை முடிவு செய்ய வேண்டும்.

இடப்பக்க இருக்கையின் பணி

ஸ்கூடாயில் தாமான் யுனிவர்சிட்டி வட்டாரத்தில் பசியாறிவிட்டு, காலை ஏழு மணிக்குள் பொந்தியான் சாலையில் ஏறிவிட்டால், பள்ளி, ஆலை நேர நெரிசல் பின்னால் தங்கிவிடும். வீடமைப்புப் பகுதிகளாகிய தாமான்கள் மறைந்த பிறகு செம்பனைத் தோட்டங்களும், பெக்கான் நானாஸ் நெருங்கும்போது அன்னாசித் தோட்டங்களும் தென்படுகின்றன. புளிப்பு மிகுந்த கரிமண்ணில் பல பயிர்கள் வேரூன்றத் திணறும் நிலையில் அன்னாசி அதில் செழிப்பதால்தான் இவ்வட்டாரம் அதற்குப் பெயர் பெற்றது. சாலையோரக் கடைகளில் தோல் சீவி வெட்டிய பழம் உப்போடு கிடைக்கும். வண்டியில் முழுப் பழம் ஏற்றுவதைத் திரும்பும் நாளுக்கு ஒத்திவைக்க நினைப்பவர், திரும்பும் வழி இதுவல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பொந்தியானைத் தாண்டிய பின் சாலையின் தன்மை மாறுகிறது. பல பகுதிகளில் எதிரெதிர்த் தடங்களுக்கு நடுவே வெறும் கோடு மட்டுமே இருக்கும். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் மெதுவாக ஊரும். கம்போங் எனப்படும் சிற்றூர்களின் வாசல்களிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் சட்டென்று சாலையில் சேரும். கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர் என்றாலும் ஊர்ப்பகுதிகளில் அது 60-ஆகவோ அதற்கும் கீழாகவோ குறையும். பலகைகள் அடுத்தடுத்து மாறுவதால் ஓட்டுபவர் ஒருவரே அனைத்தையும் கவனிப்பது கடினம். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவருக்கு எதிரே வரும் வாகனம் தெளிவாகத் தெரியும். ஆனால் இடது ஓரத்தில் நிற்கும் கார், அதன் கதவு திறக்கப்படும் கணம், ஓரத்தில் சைக்கிள் மிதிக்கும் பள்ளிப் பிள்ளை ஆகியவை அவரைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கே முதலில் புலப்படும். எனவே இடப்பக்கம் முழுவதும் நண்பரின் பொறுப்பு என்று புறப்படும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வேகப் பலகையை வாய்விட்டுச் சொல்வது, அடுத்த சந்திப்பை ஒரு கிலோமீட்டருக்கு முன்பே அறிவிப்பது, கைப்பேசியைத் தாமே கையாள்வது ஆகியவையும் அவருடைய வேலை. முந்திச் செல்லும் முடிவு மட்டும் ஓட்டுபவருடையதாகவே இருக்க வேண்டும். 'போகலாம்' என்று பக்கத்திலிருந்து வரும் ஒரு சொல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் ஆபத்தானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருக்கை மாறுவது போதுமானது.

நேரம் இருப்பவர்கள் பொந்தியானிலிருந்து குக்குப் வழியாகத் தஞ்சோங் பியாய் வரை சென்று வரலாம். ஆசியப் பெருநிலப் பரப்பின் தென்கோடி முனையாகிய அவ்விடம் சதுப்புநிலக் காடுகளைக் காக்கும் தேசியப் பூங்காவாக விளங்குகிறது. ஈரநிலங்களுக்கான உலக உடன்படிக்கையின் ராம்சார் பட்டியலில் அது 2003-இல் இடம்பெற்றது. பலகை பாவிய நடைபாதையில் வேர்களுக்கு மேலாக நடந்து முனையை அடையலாம். குரங்குகள் மிகுதி; கையில் தின்பண்டம் வைத்திருக்கக் கூடாது. இதற்கு அரை நாள் செல்லும் என்பதால், இதைச் சேர்த்துக்கொள்பவர் அன்றிரவு மூவாரிலேயே தங்குவது நல்லது.

பெனுட், ரெங்கிட் ஆகிய சிற்றூர்களைக் கடந்து செல்லும்போது 'பாரிட்' என்று தொடங்கும் பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாரிட் என்பது சதுப்பு நிலத்தின் நீரைக் கடலுக்கு வடிக்க வெட்டப்பட்ட கால்வாய். ஜாவாவிலிருந்தும் சுலாவெசியிலிருந்தும் வந்து குடியேறியோர் இக்கால்வாய்களை வெட்டி நிலத்தை மீட்டு, தென்னையும் பாக்கும் நட்டு, அவற்றின் கரையிலேயே ஊர்களை அமைத்தனர்; ஆகவே ஒவ்வொரு பலகையும் ஒரு குடியிருப்பின் தொடக்கத்தைச் சொல்கிறது. சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கால்வாய்களின் சிறு பாலங்களில் வேகத்தைக் குறைத்தால், தேநீர் நிறத்தில் தெளிந்து நிற்கும் கரிமண் நீரை இருக்கையிலிருந்தே காணலாம்.

பத்து பகாட்டில் எண்ணெய் நிரப்பிக்கொள்வது தவிர நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. மதிய உணவுக்கு உகந்த இடம் மூவாருக்குத் தெற்கே உள்ள பாரிட் ஜாவா. புளியும் மிளகாயும் சேர்ந்த மீன் குழம்பாகிய அசாம் பெடாஸ் அவ்வூரின் சிறப்பு. நம் வீட்டு மீன்குழம்பின் சுவையறிந்தவர்க்கு அது அன்னியமாகத் தோன்றாது. உணவுக்குப் பின் கடற்கரைச் சேற்றுவெளிக்குச் சென்றால், தலையில் இறகில்லாத பெருநாரை இனமொன்று அலைவாங்கிய சேற்றில் இரை தேடுவதைப் பார்க்க வாய்ப்புண்டு.

2012-இல் ஜொகூரின் அரச நகராக அறிவிக்கப்பட்ட மூவார், ஆற்றங்கரையில் நடந்து பார்க்கத்தக்க ஊர். இங்கே குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியாகிய சாத்தேயைக் காலையிலேயே உண்பது வழக்கம் என்பதால் இரவு தங்குவோர் அதைத் தவறவிடக் கூடாது. ஆற்றைக் கடந்து கேசாங் ஆற்றையும் தாண்டினால் மலாக்கா மாநிலம். மெர்லிமாவ், உம்பாய் ஆகிய ஊர்களுக்குப் பின் நகரம் தொடங்கிவிடும்.

மலாக்காவில் நடந்து பார்ப்பது

மலாக்காவின் பழைய நகரில் கார் ஒரு சுமை. தெருக்கள் ஒடுங்கியவை, பெரும்பாலானவை ஒருவழிப் பாதைகள். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலை நேரங்களில் ஜோங்கர் தெரு இரவுச் சந்தைக்காக வாகனங்களுக்கு மூடப்படும். தங்குமிடத்தை ஆற்றுக்கு அருகில் எடுத்து, காரை அங்கே நிறுத்திவிட்டு, புறப்படும் வரை அதைத் தொடாமல் இருப்பதே இந்நகரைப் பார்க்கும் முறை.

டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்டாட்ஹாய்ஸ் என்னும் நிர்வாக மாளிகை, 1753-இல் முடிக்கப்பட்ட கிறிஸ்து ஆலயம், 1511-இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையில் எஞ்சி நிற்கும் ஒரே வாயில் ஆகியவற்றை எல்லாச் சுற்றுலாக் கையேடுகளும் விரிவாகச் சொல்கின்றன. ஒரு காலைப்பொழுது அவற்றுக்குப் போதும். தமிழ்ப் பயணிகள் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடங்கள் ஆற்றின் மறுகரையில் உள்ளன. சுல்தான்கள் காலத்து மலாக்காவில் ஷாபண்டார் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு ஆகிய இடங்களிலிருந்து வரும் வணிகர்களைக் கவனித்தார். போர்த்துக்கீசிய ஆட்சியின் தொடக்கத்தில் நைனா சாத்து என்னும் தமிழ் வணிகர் பெண்டஹாரா என்ற உயர் பதவியை வகித்தார். அந்த வணிகக் குடிகளின் தொடர்ச்சியை இன்றும் நடந்து காணலாம் என்பதே மலாக்காவின் தனிச்சிறப்பு.

ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் பொற்கொல்லர் தெருவில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் உள்ளது. இன்றும் வழிபாடு நடக்கும் மலேசிய இந்துக் கோயில்களுள் மிகப் பழையவற்றில் இது ஒன்று. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு ஆட்சியாளர்கள் அளித்த நிலத்தில் இது கட்டப்பட்டது. சில அடிகள் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-இல் மரத்தால் கட்டப்பட்டு 1872-இல் செங்கல்லால் மீண்டும் எழுப்பப்பட்ட இப்பள்ளிவாசலை இந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவினர். இதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுச் செல்வது பெருந்தவறு. அடுக்கடுக்காகக் குறுகி மேலேறும் கூரை சுமத்ரா, ஜாவா மரபைச் சேர்ந்தது. தனியே நிற்கும் மினாரா சீனக் கோபுர வடிவம் கொண்டது. உள்ளே ஐரோப்பியத் தூண்களும் விக்டோரியா காலத்துச் சரவிளக்கும், சுவரில் மெருகேறிய வெளிநாட்டு ஓடுகளும் இருக்கின்றன. முற்றத்தில் உள்ள ஒளு செய்யும் குளத்தின் படியருகே சிறிது நேரம் நின்றால் இவை அனைத்தும் ஒரே பார்வைக்குள் வரும். தொழுகை நேரங்களில், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலில், பார்வையாளர் விலகியிருக்க வேண்டும். அதே வரிசையில் சற்றுத் தள்ளி 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங் உள்ளது. மூன்றையும் காலை ஒன்பது மணிக்கு முன்னதாகப் பார்ப்பது, வெயிலுக்கும் கூட்டத்துக்கும் தப்ப வழி.

பழைய நகரிலிருந்து சிறிது தொலைவில், காஜா பெராங் பகுதியில், கம்போங் செட்டி இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களே மலாக்காச் செட்டிகள். பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டில் பேசுவது மலாய், பெண்களின் மரபுடை சாரோங் கெபாயா, வழிபாடோ சைவம். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கும் வீட்டுக்குள்ளிருந்து மலாய்ப் பேச்சு கேட்பதும், பொங்கலையொட்டி முன்னோருக்குப் படைக்கும் 'பார்ச்சு' சடங்கில் இலைமேல் சம்பலும் நாசி லெமாக்கும் இடம்பெறுவதும் இங்கே இயல்பானவை. ஆண்டின் நடுவில் பழங்கள் காய்த்துக் குலுங்கும் காலத்தில் மீண்டும் ஒரு பார்ச்சு உண்டு. அங்குள்ள முத்து மாரியம்மன் கோயிலில் ஏப்ரல் இறுதி, மே தொடக்க வாக்கில் நடக்கும் டத்தோ சாச்சார் விழா இவ்வூரின் பெருவிழா. சிற்றருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. அதை முதலில் பார்ப்பவருக்குத் தெருவில் காண்பவை எளிதில் விளங்கும்.

இங்கு வரும் தமிழர்கள் சிலர் 'தமிழ் தெரியாத தமிழர்களா' என்று வியப்பதும் சில வேளைகளில் அதை வாய்விட்டுக் கேட்பதும் வருந்தத்தக்கது. தாய்நிலத்தோடு தொடர்பு அறுந்து பல தலைமுறைகள் கடந்த பின்னும், ஆட்சிகள் பல மாறிய துறைமுகம் ஒன்றில், தம் தெய்வங்களையும் முன்னோர் கடனையும் கைவிடாமல் காத்த மக்களிடம் மொழித் தேர்வு நடத்துவது முறையன்று. இது மக்கள் வாழும் தெரு என்பதால் வீடுகளைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்பதும், அழைக்கப்படாமல் திண்ணையில் ஏறாதிருப்பதும் அடிப்படை மரியாதை.

இரவு உணவுக்கு ஜாலான் தெமெங்கோங், ஜாலான் பெண்டஹாரா வட்டாரத்து லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சோறு கிடைக்கும். வேறு சுவை தேடுபவர் ஊஜோங் பாசிரில் உள்ள போர்த்துக்கீசியக் குடியிருப்புக்குச் சென்று கடலைப் பார்த்தபடி சுட்ட மீன் உண்ணலாம்.

திரும்பும் வழி

ஆயர் குரோவில் விரைவுச்சாலையில் ஏறினால் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். பாகோ, மச்சாப் ஆகிய இடங்களில் 'ஆர் அண்ட் ஆர்' எனப்படும் ஓய்வுத்தலங்கள் உள்ளன. உணவு, கழிப்பறை, தொழுகையிடம், எண்ணெய் நிலையம் அனைத்தும் அங்கே அமைந்திருக்கும். நேரான சாலையின் ஒரே சீரான ஓட்டம் தூக்கத்தை வரவழைப்பதால், இரண்டில் ஒன்றிலாவது இறங்கிக் கால் நீட்டி, ஓட்டுபவரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஞாயிறு மாலையில் சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் வாகனங்கள் தெற்கே நெருங்க நெருங்கப் பெருகும். மதியம் இரண்டு மணிக்குள் மலாக்காவைவிட்டுப் புறப்படுபவர் அந்த வரிசையில் சிக்காமல் ஸ்கூடாய்ச் சாவடியைக் கடந்துவிடலாம்.

வீடு சேர்ந்த இரண்டு வாரங்களுக்குப் பிறகு கார் உரிமையாளர் மைபாயார் பிடிஆர்எம் செயலியில் காவல்துறை அபராதம் ஏதும் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். கேமராவில் பதிவான வேக மீறல் அன்றே தெரியவராது. எந்த நேரத்தில் யார் ஓட்டினார் என்பதை இருக்கை மாறும்போதெல்லாம் குறித்து வைத்திருந்தால், அத்தொகையைப் பொதுப் பையில் எஞ்சியதிலிருந்து கொடுப்பதா, ஓட்டியவரே ஏற்பதா என்பதை இருவரும் மனத்தாங்கலின்றித் தீர்த்துக்கொள்ளலாம்.